கஸ்பார் சாப்பிடும் நேரம்

கஸ்பார் தன் மாடியறைக்குள் இருமினால் எங்கள் சந்தைத் தூணில் இருக்கிற குழாய் ஸ்பீக்கர் இருமும். அவன் செம்பில் தண்ணீர் குடித்தால் குழாயும் மடக்மடக்கென்று குடிக்கும். அவன் பெருமூச்சு விட்டால், தூணடியில் கருவாடு விற்கிற பெண்கள் அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு அவனுக்கு மனசு சரியில்லை போல என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி ஈ ஓட்டத் தொடங்குவார்கள். இது ஏழு வருடம் நடந்தது. கீழமணலூரில் இதை யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை. மழை பெய்தால்தான் அதிசயம் என்று சொல்வோம், ஏனென்றால் அது எங்கள் ஊரில் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

அந்தக் குழாய், பேரூராட்சி சந்தை நடுவில் தூண் கட்டி மாலைச் செய்தி ஒலிபரப்பிய காலத்தில் வைத்தது. பிறகு வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது, ரேடியோ அறையில் உப்பு மூட்டை அடுக்கினார்கள், தூணிலிருந்து தொங்கிய ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்த் துணி காயப்போடக் கொடி கட்டினார்கள், குழாயின் வாய்க்குள் மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போனது. அப்படிக் கிடந்த குழாய்தான் ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, காற்று மணலை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்த முற்பகலில், தொண்டையைச் செருமிக்கொண்டு “செக்... செக்... ஒன்... டூ...” என்றது. குரல் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, மாதா திருவிழா எல்லாம் பல வருடமாக அந்தக் குரல் அந்த நாலு வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தொடங்கியிருக்கின்றன.

மாவு மில் மீரான் பாய் ஏணி போட்டுத் தூணில் ஏறினார். குழாயைச் சுற்றித் தடவிப் பார்த்தார், உள்ளே கைவிட்டு மைனாவின் பழைய கூட்டை எடுத்து வெளியே போட்டார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, ஒயர் இல்லை, ஆனால் பேசுகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

சற்று நேரத்தில் கஸ்பாரே படியிறங்கி வெங்காயம் வாங்க வந்தான். குழாய் வாயை மூடிக்கொண்டது. கால் கிலோ வெங்காயத்தோடு அவன் மேலே ஏறிப் போனதும், கதவுக் கொண்டி விழுகிற சத்தம் குழாயில் விழுந்தது. இரண்டு மூன்று நாளில் எங்களுக்குக் கணக்குப் பிடிபட்டது. அந்த அறைக்குள் அவன் எழுப்புகிற சத்தம் மட்டுமே குழாய்க்கு வரும். அவன் வெளியே இருந்தால் வராது. அவன் உள்ளே இருக்கும்போதோ வெளிச் சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்காது. ஆக, உலகத்தில் அந்தக் குழாயைக் கேட்க முடியாத ஒரே ஆள் கஸ்பார்தான்.

அவன் அறை சந்தையின் வடக்கு ஓரத்தில், மூடிக் கிடந்த வெங்காயக் கிட்டங்கிக்கு மேலே இருந்தது. கதவு பின்புறம், சந்தைச் சத்தம் எட்டாத இருட்டுப் படிக்கட்டுக்குள் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தூண். ஆனால் ஜன்னல்தான் இல்லையே. மீன் ஏலம், லாரி, எங்கள் வாய் எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதற்காக ஜன்னல் உட்படச் சுவர் முழுக்கத் தேங்காய் நார்ப் பாய் அடித்து, அதன்மேல் பழைய மெத்தைப் பஞ்சு திணித்து, அதற்கும் மேல் முட்டைத் தட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தான். பாட்டுப் பதிவு செய்கிற அறைக்கு அப்படி வேண்டுமாம்.

கஸ்பாருக்கு அப்போது வயது முப்பத்தாறு. பதினெட்டு வயதிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். கச்சேரி கேட்கிறவர்கள் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்பது அவன் வாசிப்பதை நிறுத்தினால்தான் தெரியும். குழு கலைந்த பிறகு மூன்று வேலை பார்த்தான். விசேஷங்களுக்கு மைக் செட்டோடு போய் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து சத்தம் கூட்டிக் குறைப்பான். பக்கத்து ஊர்க் கோயில், சர்ச், டான்ஸ் பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிற செத்த கீபோர்டையும் கரகரக்கிற ஆம்ப்ளியையும் பிரித்து ஈயம் வைத்து உயிர் கொடுப்பான். மிச்ச நேரத்தில் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பான். கல்யாணம் ஆகிப் பதினோரு மாதம் பெண்டாட்டியோடு இருந்தான். அவள் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போனாள், போனவள் நல்லபடியாக இருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினாள், வரவில்லை.

வெப்சைட் செய்கிறபோது ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் வருமாம். அதில் என்ன போட என்று கேட்பான். கடைக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் சொல்லத் தெரிகிறது? அவனே அரைமணி நேரம் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய் எழுதுவான். தையல்கடை பிரகாசியக்காவுக்கு இப்படி எழுதினான்: ‘இந்த ஊர்ப் பெண்களின் தோளளவு எனக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பூரித்தார்கள் என்று கேட்காமலே தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன்.’ பிரகாசியக்கா புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக மெஷின் மிதிக்கிறவள். அதை என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாசித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுத்து கொஞ்சம் பெரிசாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

கஸ்பார் தனக்கும் ஒரு வெப்சைட் வைத்திருந்தான். அதில் ‘என் பாடல்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. திறந்தால் ‘விரைவில்’ என்றிருக்கும். ஏழு வருடமாக விரைவில்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நாங்கள் மூடினோம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்யவில்லை, தானாகவே சட்டம் உண்டானது. குழாயில் கேட்டதைத் தூணைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அவன் எதிரில் மூச்சு விடக் கூடாது. அவன் அழுதால் கேட்கக் கூடாது. அழுகிற சத்தம் தொடங்கிய உடனே மீரான் பாய் அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் மில் மோட்டாரைப் போட்டுவிடுவார். அது கடகடவென்று வெறுமனே ஓடும். கரண்ட் வீணாகிறதே என்று அவர் மகன் கேட்டதற்கு, ஒரு மனுசன் அழுவதைச் சந்தையே கேட்டுக்கொண்டிருப்பது அதைவிட வீண் என்றார். ஒட்டுக்கேட்பது பாவமா என்று சர்ச்சில் சாமியாரிடம் கேட்டோம். அவர் இரண்டு நாள் யோசித்து, காது தானாகக் கேட்பது பாவமில்லை, வாய் தானாகச் சொல்லாது, அதனால் சொல்வதுதான் பாவம் என்றார். முட்டைக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி, அவன் அறையில் தட்டு நைந்துபோகும் என்று கணக்குப் பார்த்து, கார்த்திகை மழைக்கு முன்னால் புதுத் தட்டுகளாகப் பொறுக்கி வைத்து, தம்பி, இது சும்மா கிடக்கு, எடுத்துக்கோ என்பார். அந்தச் சுவர் மெலிந்தால் அவனுக்குக் குழாய் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் அவன் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்வான் அல்லது ஊரை விட்டே போவான். அந்தப் பயம் எங்களுக்கு இருந்தது.

உண்மையைச் சொன்னால், பயம் அவனுக்காக மட்டும் இல்லை. தனியாக இருக்கிறவன் சத்தம் தனியாக இருக்கிறவர்களுக்குத் துணை. அவன் ஈயம் வைக்கிறபோது வருகிற ‘சுர்’ருக்குப் பிரகாசியக்கா ஊசியில் நூல் கோப்பாள். அவன் திருகாணியைத் தவறவிட்டுத் தரையில் தேடுகிறபோது நாங்கள் எல்லோரும் கூடவே தேடுவோம், அது கிடைத்து அவன் ‘ஆ, இங்க இருக்கியா’ என்கிறபோது சந்தையே ஒரு மூச்சு விடும். போனில் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் பார்த்தார்கள். படத்தில் தூண் இருந்தது, காக்காய் இருந்தது, மீன் விலை இருந்தது, கஸ்பார் சத்தம் மட்டும் இல்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்கு அவன் சாப்பிடுவான். தட்டு வைக்கிற சத்தம் வரும், சோறு போடுகிற சத்தம் வரும், மெல்லுகிற சத்தம் வரும். பாதியில் அவன் நிறுத்துவான். நிறுத்தி, கொஞ்சம் கனிவாக, எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்பான்.

“இன்னும் கொஞ்சம் போடவா?”

பிறகு தானே சொல்வான். “போதும்.”

அது அவன் அம்மா கேட்ட கேள்வி என்று கருவாட்டுக்காரிகள் சொன்னார்கள். இல்லை, அந்தப் பதினோரு மாதத்தில் பெண்டாட்டி கேட்டது என்று தங்கப்பழம் அண்ணாச்சி சொன்னார். சண்டையாகவே நடந்தது, தீரவில்லை. தீர்ந்த விஷயம் ஒன்றுதான். அவன் “போடவா” என்று கேட்டதும், “போதும்” என்று சொல்வதற்குள்ளே கிடைக்கிற ஒரு நொடியில், தூணடியில் இருக்கிற எல்லோரும் வாய்க்குள்ளேயே, “போடு” என்று சொல்ல ஆரம்பித்தோம். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் அடுத்த வாயை வைத்துவிட்டுச் சொன்னார்கள். தராசு பிடித்தவர்கள் தராசைப் பிடித்துக்கொண்டே சொன்னார்கள். மீரான் பாய் மத்தியான லுஹர் தொழுகை முடித்து வந்தவர் சொன்னார். சந்தைக்குப் புதிதாக வந்த வெளியூர்க்காரர்கள், இந்த ஊரில் இரண்டரை மணிக்கு எல்லோரும் உதட்டை அசைக்கிறார்களே, ஏதோ வேண்டுதலாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அவன் ஒரு நாளும் போட்டுக்கொண்டதில்லை. போதும், போதும் என்று ஏழு வருடம் சொன்னான்.

பாட்டைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும், அதில்தான் நாங்கள் அவனைக் கெடுத்தோம்.

வேலை இல்லாத நாட்களில் கஸ்பார் மெட்டுப் போடுவான். பேஸ் கிட்டாரில் நாலு சுரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பான், வாயால் ஹம் செய்வான், கீபோர்டில் ஏற்றுவான், பிடிக்காமல் இறக்குவான். ஒரு மெட்டு முழுசாக வருவதற்கு ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் சந்தை அதைக் கேட்டுக்கொண்டே மீன் வெட்டும், மாவு அரைக்கும், பித்தான் தைக்கும். ஆகவே மெட்டு முடிகிற அன்றைக்கு அது எங்களுக்கெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும். கேட்டதைச் சொல்லக் கூடாது என்றுதானே சட்டம்? முணுமுணுக்கக் கூடாது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சாமியாரும் அதைச் சொல்லவில்லை.

மெட்டு முடிந்த சந்தோஷத்தில் கஸ்பார் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, படியிறங்கி வருவான். நாலு நாளில் ‘விரைவில்’ போய்விடும் என்று நாங்கள் என் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து திறந்து பார்ப்போம். போகாது. நாலாம் நாள் குழாயில் அவன் நடக்கிற சத்தம் கேட்கும், நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்கும், பிறகு மீரான் பாயின் மோட்டார்தான் கேட்கும். அந்த மெட்டு அதற்குப் பிறகு வராது. நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அவனுக்குத் திருப்தி வருவதில்லை, பெரிய கலைஞர்கள் அப்படித்தான் என்றோம். இப்படி ஏழு வருடத்தில் பத்தொன்பது மெட்டு போனது. கடைசி மெட்டு நல்ல மெட்டு. உப்பளத்துக்கு மேலே சாயங்கால வெளிச்சம் இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கி, கடைசி அடியில் ஒரே ஓர் எட்டு மேலே ஏறும். அந்த எட்டு வரும்போது நான் ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிடுவேன்.

போன மாசி மாதம் நான் பஸ் ஸ்டாண்டில் நின்று பேப்பர் கட்டு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கஸ்பார் வந்து பக்கத்தில் நின்றான், நல்ல சட்டை போட்டிருந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பஸ் வரவில்லை. கையும் வாயும் சும்மா இருந்தன, விசில் அடித்தேன். கடைசி அடியில் அந்த எட்டை ஏறும்போதுதான் பார்த்தேன், அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அது என்ன பாட்டு என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ கேட்டது, ஊரில் எல்லோரும் பாடுகிறார்களே என்று உளறிவிட்டேன். அவன் தலையை ஆட்டினான். பஸ் வந்தபோது அவன் ஏறவில்லை.

அன்று பகல் பதினொரு மணிக்குக் குழாயில் போன் பேசினான். எதிர்ப்பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்காது, அவன் பேசியதுதான் கேட்டது.

“கீபோர்டு, மிக்ஸர், பேஸ் கிட்டார், எல்லாம் சேத்துக் குடுக்கேன்... ஆமாங்க, தொழிலுக்கு இல்ல, பாட்டு போடத்தான் வச்சிருந்தேன்... இல்லங்க, இனி போடப் போறதில்ல. எனக்குன்னு சொந்தமா ஒரு பாட்டுகூட இல்லங்க. நான் போட்டதெல்லாம் எப்பவோ எங்கேயோ கேட்டதா இருக்கு. நானே போட்டதா நெனச்சு வெளிய வந்தா மீன்காரி பாடுதா, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் விசில் அடிக்கான். தேடியும் பாத்துட்டேன், இன்டர்நெட்ல எங்கயும் இல்ல. அப்போ அதுக்கும் முந்தின பழைய பாட்டா இருக்கணும்... என் காது திருட்டுக் காதுங்க. எனக்கே தெரியாம திருடுது... சரி. சனிக்கிழமை டெம்போ கொண்டு வாங்க.”

சந்தையில் ஒரு தராசு ஆடவில்லை. கத்தி வெட்டுப்பலகையில் நின்றது. ஏழு வருடம் பத்தொன்பது தடவை அவன் நல்ல சட்டை போட்டு இறங்கி வந்ததும், நாங்கள் அவன் பாட்டை அவன் எதிரிலேயே அன்பாக முணுமுணுத்ததும், அவன் மேலே ஏறிப் போய் அதை அழித்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. விசில் அடித்தவன் நான். மற்றவர்கள் என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் அடிக்காதவர் யாரும் இல்லை.

இனி யாரும் முணுமுணுக்க வேண்டாம் என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. சனிக்கிழமை டெம்போ வருகிறதே, அதற்கு என்ன செய்ய என்றேன் நான். டெம்போவுக்கு வழி தப்பாகச் சொல்லிவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். அவனிடம் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவன் மானம் போய்விடும், ஊரை விட்டுப் போய்விடுவான் என்றார் இன்னொருத்தர். சொல்லாவிட்டால் அவன் இங்கேயே இருந்துகொண்டு போய்விடுவான் என்றார் மீரான் பாய். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. பிரகாசியக்கா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள், எழுந்தாள், எங்களைப் பார்த்தாள்.

“ஏழு வருசமா அவன் சாப்பிடுறதக் கேட்டோம். ஒருத்தராவது அந்தப் படி ஏறியிருக்கோமா?”

அவள் சந்தையைக் குறுக்கே கடந்து போய்ப் படி ஏறினாள்.

அவள் சொன்னதை அவளே பின்னால் எங்களிடம் சொன்னாள். அவன் சொன்னதை நாங்கள் தூணடியில் நின்று கேட்டோம். கதவைத் திறந்ததும் அவன் வெப்சைட்டில் ஏதும் மாற்ற வேண்டுமா அக்கா என்று கேட்டான். அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, அந்தப் பாட்டெல்லாம் உன்னுடையதுதான் தம்பி, ஊர் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டது என்று சொல்லி, தூணையும் குழாயையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சிரித்தான். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தீங்களா அக்கா, சந்தோசம் என்றான். நம்பவில்லை. நம்ப வைக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை, ஆகவே அதைச் சொன்னாள்.

“மத்தியானம் சாப்பிடும்போது பாதியில நிறுத்தி, இன்னும் கொஞ்சம் போடவான்னு கேப்பியே, தம்பி.”

குழாயில் அவன் குரல் இறங்கி வந்தது.

“எத்தன வருசமாக்கா?”

“ஏழு.”

“எல்லாமா?”

“எல்லாம்தான். ஆனா நாங்க யார்ட்டயும் சொல்லல.”

அவள் அப்படிச் சொன்னது அவளுக்கே அபத்தமாக இருந்ததாம். ஊரே கேட்ட பிறகு யார் மிச்சம், யாரிடம் சொல்ல? அவன் மெதுவாகக் கதவைச் சாத்தினான். கொண்டி விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, விரலால் பிடித்து இறக்கியிருப்பான் போல.

அதற்குப் பிறகு மூன்று நாள் குழாயில் ஒன்றுமே வரவில்லை. அவன் வெளியேயும் வரவில்லை. உள்ளேதான் இருந்தான், சத்தம் இல்லாமல் இருந்தான். வெறுங்காலால் துணி மேல் நடந்திருப்பான், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விழுங்கியிருப்பான், இருமல் வந்தால் தலையணையைக் கடித்திருப்பான். ஒரு மனுசன் தன் வீட்டுக்குள்ளே திருடனைப் போல வாழ்வதை, கேட்காமலே நாங்கள் கேட்டோம். முதல் நாள் பிரகாசியக்கா மூன்று ரவிக்கைக்கு ஒரே பக்கம் இரண்டு கை வைத்துத் தைத்துவிட்டாள். இரண்டாம் நாள் மீரான் பாய் மோட்டாரைத் தானாகப் போட்டு, எதற்குப் போட்டோம் என்று தெரியாமல் நிறுத்தினார். இரண்டரை மணி வந்தது, தட்டு வைக்கிற சத்தம் வரவில்லை, நாங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாளும் அப்படியே போனது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிரகாசியக்கா கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாய் டர்ரென்று கிழிந்தது. கருவாட்டுக்காரிகள் கூடையை விட்டுவிட்டு எழுந்தார்கள். மறுபடி டர்ர். மூட்டை கட்டுகிறான், டெம்போ வருவதற்குத் தயார் பண்ணுகிறான் என்றார்கள். டர்ர், டர்ர் என்று ஒரு மணி நேரம் கிழிந்துகொண்டே இருந்தது. பிறகு ஆணி பிடுங்குகிற சத்தம், மரம் முனகுகிற சத்தம். வெங்காயக் கிட்டங்கியின் மாடியில், சுவர் என்று நாங்கள் மறந்தே போயிருந்த இடத்தில், ஒரு ஜன்னல் திறந்தது. அதன் வழியே முட்டைத் தட்டு ஒவ்வொன்றாகத் தெருவில் விழுந்தது. பஞ்சு விழுந்தது. நார்ப் பாய் விழுந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி போய்த் தன் தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினார்.

கஸ்பார் ஜன்னலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. நாங்கள் எல்லோரும் உடனே தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தோம். அவன் தூணைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், கொஞ்சம் தயங்கினான். “செக்...” என்றான்.

“செக்...” என்றது குழாய்.

“ஒன்... டூ...”

ஊருக்கெல்லாம் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தவன், தன் சத்தம் வெளியே எப்படிக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். உள்ளே போனான். பேஸ் கிட்டாரில் அந்தப் பத்தொன்பதாவது மெட்டை மெல்ல இறக்கினான், கடைசி அடியில் ஒரே ஓர் எட்டு ஏற்றினான். அந்த எட்டு அறையிலும் தூணிலும் ஒன்றாக ஏறியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் பொத்தியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அவன் போன் பேசினான். “வேண்டாம்ங்க, வண்டியத் திருப்பிருங்க. மன்னிச்சுக்கிடுங்க... இல்ல, வெலைக்காக இல்லங்க.” கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் திட்டியிருக்க வேண்டும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். “பாட்டு என்னோடதுதானாம்.”

பிறகு அடுப்புப் பற்ற வைத்தான். அரிசி களைந்தான். மூன்று நாள் கழித்துச் சட்டி கொதிக்கிற சத்தம் சந்தைக்கு வந்தது. இரண்டரை மணிக்குத் தட்டு வைத்தான், சோறு போட்டான், சாப்பிட்டான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜன்னல் திறந்து கிடக்கிறது. வாய்க்குள்ளே சொன்னால்கூடக் கேட்டுவிடும். பாதியில் அவன் நிறுத்தினான். கேட்கமாட்டான் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் செத்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

“இன்னும் கொஞ்சம் போடவா?”

போதும் என்று அவன் சொல்லவில்லை. ஒரு நொடி போனது, இன்னொரு நொடி போனது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“போடு, தம்பி,” என்றாள் பிரகாசியக்கா. வாய்க்குள்ளே இல்லை, மெஷினை விட்டு எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்னாள். போடு என்றார் மீரான் பாய். போடு என்றார்கள் கருவாட்டுக்காரிகள். ஏழு வருடம் உதட்டுக்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை சந்தை முழுக்க எழுந்து ஜன்னல் வழியே உள்ளே போனது, மீன் ஏலக்காரர் சொன்னார், லோடு இறக்குகிறவர்கள் தலையில் மூட்டையோடு நின்று சொன்னார்கள், நானும் சொன்னேன்.

குழாயில் கரண்டி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டி சட்டியை உரசியது. அடியில், பக்கத்தில், மறுபடி அடியில், வெறும் சட்டியை உரசியது.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் ஒரு ஆளுக்குத்தான் பொங்குவான். ஏழு வருடமும் அவன் போதும் என்று சொன்னது வயிறு நிறைந்து இல்லை. சட்டியில் சோறு இருந்ததில்லை.

பிரகாசியக்கா தன் தூக்குவாளியை எடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள், கருவாட்டுக்காரி ஒருத்தி தன் குழம்பிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றினாள். மூடிக்கொண்டு சந்தையைக் கடந்து போனாள். அவள் படி ஏறுகிற சத்தம் குழாயில் வராது, அவன் சத்தம் மட்டும்தானே வரும். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் இன்னும் பாதிப் படிகூட ஏறியிருக்கமாட்டாள், கதவைத் தட்டியிருக்கமாட்டாள். குழாயில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, வெறுங்கால் நாலெட்டு நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு கொண்டி நீங்குகிற சத்தம் கேட்டது.